நிர்வாகக் குழுவும் தலைமை நூலகரும்: கூட்டத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை

பொது நூலகத்தில் நிர்வாகக் குழுவுக்கும் தலைமை நூலகருக்கும் இடையே வரும் உரசல் பல நேரம் கூட்டத்தில் ஆரம்பிப்பதில்லை. முந்தைய நாள் இரவு அனுப்பிய 40 பக்கக் கோப்பில் ஆரம்பிக்கிறது. படிக்க நேரம் கிடைக்காத உறுப்பினர் தனக்குப் புரிகிற சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொள்வார். ஜெராக்ஸ் மெஷின் பில்லுக்கு அரை மணி நேரம் போகும். 5 வருஷத்துக்கு நூலகத்தைக் கட்டிப்போடும் மென்பொருள் ஒப்பந்தம் 5 நிமிடத்தில் நிறைவேறிவிடும்.

அதனால், நீங்கள் தலைமை நூலகர் என்றால், முதலில் நாட்களை வகுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு 14 நாள் முன்பு குழுத் தலைவரோடு உட்கார்ந்து அஜெண்டாவை முடிவு செய்யுங்கள். 7 நாள் முன்பு எல்லாக் காகிதமும் எல்லா உறுப்பினருக்கும் ஒரே நேரத்தில் போய்விட வேண்டும். 2 நாள் முன்பு, யாருக்கு என்ன சந்தேகம் என்று கேளுங்கள். கேள்வி ஒருவரிடமிருந்து வந்தாலும் பதிலை எல்லோருக்கும் அனுப்புங்கள். ஆனால் மின்னஞ்சலிலேயே விவாதம் வளர விடாதீர்கள். குழுக் கூட்டம் பொதுமக்கள் அறிய நடக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிற இடங்களில், அந்த விவாதமே சட்டமீறலாகிவிடக்கூடும்.

முடிவெடுக்க வேண்டிய ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரே ஒரு பக்கம் போதும். முதல் வரியிலேயே குழுவிடம் என்ன கேட்கிறீர்கள் என்பது இருக்கட்டும். "ஞாயிறு சேவை பற்றி" என்று தலைப்பிட்டால் ஆளுக்கொரு திசையில் பேசுவார்கள். "ஞாயிறுதோறும் 4 மணி நேரம் திறக்க, 6 மாத சோதனைக்கு ஒப்புதல் கோருகிறோம்" என்று எழுதினால் பேச்சு அதைச் சுற்றியே நிற்கும். அடுத்து கணக்கு: 26 ஞாயிறு, 4 மணி நேரம், 3 ஊழியர், ஆக மொத்தம் 312 ஊழியர் மணி. அதற்கான சம்பளம் பட்ஜெட்டின் எந்தத் தலைப்பிலிருந்து வரும், நிரந்தரமாக்கினால் அடுத்த வருஷம் எவ்வளவு ஆகும் என்பதையும் சொல்லுங்கள். பிறகு மாற்று வழிகள்: வார நாளில் ஒரு மாலையை மூடிவிட்டு ஞாயிறு திறப்பது, எதையும் மாற்றாமல் விடுவது. ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன இழப்பு? கடைசியாக உங்கள் பரிந்துரை. இதை எழுதாமல் "குழு முடிவு செய்யட்டும்" என்று விடுவது பணிவு ஆகாது. விஷயம் தெரிந்தவர் பேசாமல் இருந்தால், தெரியாதவர் ஊகித்துத்தான் முடிவு செய்வார்.

முந்தைய மினிட்ஸ், வழக்கமான பில்கள், புழக்கப் புள்ளிவிவரம் (எத்தனை நூல் இரவல் போனது என்ற கணக்கு) ஆகியவற்றை ஒரே தொகுப்பாக, ஒரே வாக்கெடுப்பில் முடிக்கலாம். எந்த உறுப்பினர் கேட்டாலும் எதையும் தனியே எடுத்து விவாதிக்கும் உரிமை இருக்க வேண்டும். சர்ச்சைக்குரிய விஷயத்தை இந்தத் தொகுப்பில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒருமுறை அது தெரிந்துவிட்டால், அதன்பின் எல்லாக் காகிதத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

பட்ஜெட் அறிக்கையில் அடிக்கடி வரும் குழப்பம் ஒன்று. வருஷ சந்தாக்களை முதல் மாதமே கட்டிவிட்டால், அந்தத் தலைப்பில் 90 சதவீதம் செலவானதாகத் தெரியும். பார்ப்பவர் பதறுவது இயல்பு. திட்டத்திலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே ஒரு வாக்கியத்தில் காரணம் எழுதிவிடுங்கள்.

எல்லைக் கோடு எங்கே? கொள்கை, பட்ஜெட், நீண்டகாலத் திட்டம், தலைமை நூலகரை நியமிப்பதும் மதிப்பிடுவதும் பொதுவாகக் குழுவின் வேலை. ஊழியர் மேலாண்மை, நூல் தேர்வு, அன்றாட நடப்பு உங்கள் வேலை. உங்கள் நூலகத்தின் சட்டமும் விதிகளும் வேறு மாதிரி சொன்னால் அவைதான் முடிவு. குழுவின் அதிகாரம் கூட்டத்தில் எடுக்கும் தீர்மானத்தில் இருக்கிறது, தனி உறுப்பினரிடம் இல்லை. உறுப்பினர் ஒருவர் கவுன்டரில் இருக்கும் ஊழியரிடம் நேரடியாக வேலை ஏவினால், அந்த ஊழியரைக் கடிந்துகொள்ள வேண்டாம். "தலைமை நூலகரிடம் சொல்லிவிடுகிறேன்" என்ற பதிலை எல்லா ஊழியருக்கும் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். பிறகு குழுத் தலைவர் மூலமாக அந்த உறுப்பினரிடம் பேசுங்கள்.

இந்தக் கோடு உண்மையில் சோதிக்கப்படுவது, ஒரு புத்தகத்தை நீக்கச் சொல்லிப் புகார் வரும்போது. நடைமுறையைப் புகார் வருவதற்கு முன்பே தீர்மானமாக நிறைவேற்றி வையுங்கள். வந்தபின் எழுதினால் அது அந்த ஒரு புத்தகத்துக்காக எழுதியதாகவே தெரியும். புகார் எழுத்தில் வர வேண்டும். புத்தகத்தை முழுதாகப் படித்தாரா, எந்தப் பகுதி, என்ன கோருகிறார் என்று படிவம் கேட்க வேண்டும். பரிசீலனை முடியும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். 3 ஊழியர்கள் அதை முழுதாகப் படித்து, குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அதை ஏற்காதவர் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். முதல் பரிசீலனையிலேயே குழு உட்கார்ந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு யாரும் மிஞ்சமாட்டார்கள். இப்படிப் புகார் சொல்லிக் குழு உறுப்பினருக்கு வீட்டில் போன் வந்தால் அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "உங்கள் கவலை புரிகிறது. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, நூலகத்தில் தருவார்கள்." இந்த வாக்கியத்தைப் புதிய உறுப்பினருக்கு முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.

கெட்ட செய்தியை அன்றே தலைவரிடம் சொல்லுங்கள், மறுநாளுக்குள் எல்லா உறுப்பினருக்கும் ஒரே வாசகத்தில் அனுப்புங்கள். கூரை ஒழுகியதை வாசகர் ஒருவர் சொல்லிக் குழு உறுப்பினர் தெரிந்துகொள்ளக் கூடாது.

உங்கள் பணி மதிப்பீட்டுக்கான அளவுகோல்களை வருஷத் தொடக்கத்திலேயே, 4 அல்லது 5 இலக்குகளாக, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படி இல்லையென்றால் கடைசி மாதம் வந்த ஒரு புகாரே வருஷம் முழுவதற்கும் மதிப்பெண் ஆகிவிடும். 6 மாதம் கழித்து அதே காகிதத்தை எடுத்துத் தலைவரோடு ஒருமுறை சரிபாருங்கள்.