பெங்களூரில் மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை: படிவத்தைத் தொடும் முன் பெயரையும் வங்கிக் கணக்கையும் சரிபாருங்கள்

என் தங்கைக்குப் பார்வைக் குறைபாடு. வீடு ஸ்ரீராமபுரத்தில், படிப்பது பி.காம்., சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். அவளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை வாங்கியதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். என்.எஸ்.பி. எனப்படும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் இதில் இல்லை, அதற்கு வீடியோக்கள் ஏராளம். படிவம் நிரப்புவது ஒரு மணி நேர வேலை. பணம் சிக்கி நிற்பது வேறு இடத்தில்.

1. எந்தத் திட்டம் என்று முடிவு செய்யுங்கள்

பதினொன்றாம் வகுப்பிலிருந்து முதுகலை வரை, இடையில் வரும் டிப்ளமோ உட்பட, போஸ்ட் மெட்ரிக் திட்டம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பொறியியல், பாலிடெக்னிக் போன்ற ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பப் படிப்பு என்றால் 'சக்ஷம்' பாருங்கள்: ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். இரண்டுக்குமே ஊனம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சக்ஷம் என்றுதான் சொல்வேன், வருமான வரம்பிலேயே எவ்வளவு தாராளம் பாருங்கள்.

2. யுடிஐடி அட்டை

யுடிஐடி என்பது மத்திய அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. அதில் மஞ்சள் பட்டை என்றால் ஊனம் 40 முதல் 79 சதவீதம் வரை, நீலம் என்றால் 80-உம் அதற்கு மேலும். வெள்ளை என்றால் 40-க்குக் கீழ், இந்தத் திட்டங்களுக்கு ஆகாது. தமிழ்நாட்டில் எடுத்த அட்டை பெங்களூரில் செல்லுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். செல்லும். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊனச் சான்றிதழ் நாடு முழுவதற்கும் பொருந்தும், கவுண்டரில் யார் என்ன சொன்னாலும் சரி.

ஆனால் வருமானச் சான்றிதழ் அப்படியில்லை. படிவத்தில் சொந்த மாநிலம் என்று எதைப் போடுகிறீர்களோ அங்கே வாங்கியதாக இருக்கட்டும். கர்நாடகா என்றால் நாடகச்சேரி எனப்படும் வருவாய்த் துறை அலுவலகம், தமிழ்நாடு என்றால் இ-சேவை மையம். ஒன்றைப் போட்டு மற்றொன்றை இணைத்தால் சரிபார்ப்பில் திரும்பி வரும்.

3. பெயர். இங்கேதான் நிதானம் வேண்டும்

வடக்கத்திக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாகக் கிடையாது, நமக்கு இனிஷியல் இருக்கிறதே. ஒரு பேச்சுக்கு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவிதா எஸ்', ஆதாரில் 'எஸ் கவிதா', யுடிஐடியில் 'கவிதா சுப்ரமணி', வங்கிப் புத்தகத்தில் வெறும் 'கவிதா'. நமக்கு ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். இங்கே பல அலுவலகங்களில் 'சர்நேம் என்ன' என்று கேட்டு அப்பா பெயரைப் பின்னால் ஒட்டிவிடுவார்கள், குழப்பம் இன்னும் கூடும். தங்கையின் விண்ணப்பம் ஒரு வருடம் இதிலேயே சிக்கி நின்றது.

திருத்தும் வரிசை முக்கியம். மதிப்பெண் பட்டியலை மாற்றுவது பெரும்பாடு, அதைத் தொடாதீர்கள். அதில் உள்ளபடி ஆதாரை மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டே முறைதான் மாற்றலாம், எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கொடுங்கள். அப்புறம் ஆதாரில் உள்ளபடி யுடிஐடியை அதன் தளத்திலேயே திருத்தக் கோருங்கள். கடைசியில் வங்கி. புள்ளி, இடைவெளி உட்பட நான்கும் ஒன்றாக இருக்கட்டும்.

4. வங்கிக் கணக்கு: 'லிங்க்' வேறு, 'சீடிங்' வேறு

வங்கியில் கேட்டால் 'ஆதார் லிங்க் ஆகியிருக்கும்மா' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது கேஒய்சிக்காக, அதாவது நீங்கள் யார் என்று வங்கி சரிபார்ப்பதற்காக. உதவித்தொகை வருவது ஆதார் எண் வழியாக, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேரே எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் பணம் போகும். அந்தப் பட்டியலில் சேர்ப்பதுதான் 'சீடிங்'. ஓர் ஆதாருக்கு ஒரே கணக்கு, கடைசியாகச் சேர்த்தது எதுவோ அது. எங்களுக்கு அது சிம் வாங்கிய கடையில் திறந்துவிட்ட, யாருக்கும் நினைவில்லாத ஒரு கணக்காக இருந்தது!

மை ஆதார் தளத்தில் உள்ளே போய் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்றும் வந்தால் சரி. வேறு வங்கி வந்தால், வேண்டிய கிளைக்குப் போய் 'டிபிடிக்கு ஆதார் சீடிங் செய்ய வேண்டும்' என்று இதே வார்த்தையில் கேட்டு (டிபிடி என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது), சம்மதப் படிவம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சில வங்கிகளுக்கு என்.பி.சி.ஐ. தளத்திலேயே செய்யலாம். சில நாள் கழித்து மறுபடியும் ஸ்டேட்டஸ் பார்த்துவிடுங்கள்.

5. பதிவும் படிவமும்

என்.எஸ்.பி.யில் ஒருமுறைப் பதிவு எண் வாங்க முகத்தைக் காட்டி ஆதார் சரிபார்ப்பு செய்யச் சொல்லும். ஆண்ட்ராய்டு போன் வேண்டும், வேறு யார் போனாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணைச் சிமிட்டு என்று ஆப் கேட்கும்போது பார்வையற்றவர்கள் பாடு திண்டாட்டம். பக்கத்தில் ஒருவர் இருந்து முகத்தைச் சட்டத்துக்குள் பிடித்துக் காட்டினால் எளிது. கேஒய்சியில் இப்படிக் கண் சிமிட்டச் சொல்வதற்கு மாற்று வழி வேண்டும் என்று அமிலத் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடர்ந்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று உத்தரவிட்டது. ஏதாவது அலுவலகத்தில் சிமிட்டினால்தான் ஆச்சு என்று மல்லுக்கு நின்றால் இதைச் சொல்லுங்கள்.

படிவத்தை மொபைலில் நிரப்பாதீர்கள். தங்கை லேப்டாப்பில் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளைப் போட்டு அவளே நிரப்பினாள். இலவசம், தமிழும் வாசிக்கும். கேப்ட்சாவை மட்டும் நான் படித்துச் சொன்னேன். சைபர் சென்டருக்குத்தான் போகிறீர்கள் என்றால் அவர்கள் தங்கள் மொபைல் எண்ணைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு ஓடிபிக்கு அவர்கள் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

6. கல்லூரி

அனுப்பிவிட்டால் முடிந்தது என்று இருக்காதீர்கள். கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாளர் உண்டு, அவர் தளத்தில் ஒப்புதல் தந்தால்தான் அடுத்த கட்டம். யார் என்று கேட்டு, நேரில் போய்ப் பிரிண்ட் அவுட்டைக் கொடுங்கள். 'டிஃபெக்ட்' என்று திரும்பினால் தேதிக்குள் திருத்தி மறுபடி அனுப்பலாம், அதனால் வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸ் பாருங்கள். அடுத்த வருடம் தானாக வராது, புதுப்பிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: கல்லூரி இல்லை, குறுகிய காலத் தொழிற்பயிற்சிதான் வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு இந்தப் படிவம் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் துறையின் பி.எம்.தக்ஷ் தளத்தில் யுடிஐடி எண்ணை வைத்துப் பதிவு செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் ஒன்று பெங்களூரிலேயே இருக்கிறது, அங்கேயும் போய் என்னென்ன பயிற்சி நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெயர் விஷயம் அங்கும் வரும் என்பதால் மூன்றாவது படியை முடித்துவிட்டே போங்கள்.