தோற்ற கட்சி தலைவரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1997 மே மாதத் தேர்தலில் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி 165 இடங்களுக்குச் சுருங்கியது. வில்லியம் ஹேக் புதிய தலைவரானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2001 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை 166 இடங்கள். ஹேக் திறமையற்றவர் அல்லர். நாடாளுமன்றத்தில் தொழிலாளர் கட்சிப் பிரதமர் டோனி பிளேரையே திணற வைத்தவர். அவரைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் கோளாறு இருந்தது. 1997 தோல்வி முதல் 2005 வரையிலான எட்டு ஆண்டுகளில் அந்தக் கட்சி செய்த தவறுகள் வேறு எந்தக் கட்சிக்கும் நேரக்கூடியவை. அதனால்தான் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் தவறு அவசரம். தோல்வி உறுதியான காலையிலேயே, பிரதமராகவும் கட்சித் தலைவராகவும் இருந்த ஜான் மேஜர் விலகுவதாக அறிவித்தார். ஜூன் 19ஆம் தேதிக்குள் அடுத்த தலைவர் வந்துவிட்டார். பதினெட்டு ஆண்டு ஆட்சியை மக்கள் ஏன் தூக்கியெறிந்தார்கள் என்று உட்கார்ந்து பேச ஏழு வாரம் போதாது. நோய் என்னவென்று தெரியாமல் மருத்துவரை மாற்றினார்கள்.

அந்த அவசரத்தில் எம்.பி.க்கள் கேட்ட கேள்வியும் தவறானது. "யார் வர வேண்டும்?" என்று அவர்கள் கேட்கவில்லை, "யார் வந்துவிடக் கூடாது?" என்றே கேட்டார்கள். நிதியமைச்சராக இருந்த கென்னத் கிளார்க் முதல் இரண்டு சுற்றுகளிலும் முன்னிலையில் இருந்தார். ஆனால் அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவாளர். அந்த ஒரு காரணத்துக்காக அவரைத் தடுக்க நினைத்தவர்கள் ஹேக்கின் பக்கம் திரண்டார்கள். மூன்றாம் சுற்றில் ஹேக்குக்கு 92, கிளார்க்குக்கு 70. ஒருவரைத் தடுப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்படும் தலைவருக்கு, தடுத்து முடித்த மறுநாளே ஆதரவு கரையத் தொடங்கிவிடும்.

இருப்பதிலேயே ஆழமான தவறு 2001இல் நடந்தது. எம்.பி.க்கள் இருவரைத் தேர்ந்தெடுக்க, அவர்களில் ஒருவரைக் கட்சி உறுப்பினர்கள் தலைவராக்குவார்கள் என்று விதி மாறியிருந்தது. கடைசிச் சுற்றில் எம்.பி.க்களின் வாக்குகள் கிளார்க்குக்கு 59, இயன் டங்கன் ஸ்மித்துக்கு 54, மைக்கேல் போர்டில்லோவுக்கு 53. ஒரே வாக்கில் போர்டில்லோ வெளியேறினார். உறுப்பினர்களோ ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளை டங்கன் ஸ்மித்துக்கு அளித்தார்கள். எம்.பி.க்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட விரும்பாத ஒருவர் அவர்களுக்கே தலைவரானார்.

உறுப்பினர்களுக்கு வாக்குரிமை கூடாது என்று நான் சொல்லவில்லை. மழையிலும் பனியிலும் வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுப்பவர்கள் அவர்கள்தான். அவர்களைக் கேட்காமல் தலைவரை முடிவு செய்வது அநியாயம். ஆனால் தோல்வியிலும் கட்சியை விட்டுப் போகாதவர்கள் அவர்கள். தேர்தலில் கட்சியைத் தோற்கடித்தவர்களோ விட்டுப் போன வாக்காளர்கள். அந்த வாக்காளருக்குத் தலைமைப் போட்டியில் வாக்கு கிடையாது. அவரை மனத்தில் வைத்து வாக்களிக்கும் பொறுப்பை உறுப்பினர்களுக்கு உணர்த்தாத கட்சி, தனக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு நாட்டுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று வியந்துகொண்டிருக்கும்.

டங்கன் ஸ்மித்தின் கதை இன்னொன்றையும் காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்த விவகாரத்தில் மேஜரின் சொந்த அரசுக்கு எதிராகத் திரும்பத் திரும்ப வாக்களித்தவர் அவர். தலைவரானதும் மற்றவர்களிடம் கட்டுப்பாட்டைக் கேட்டபோது அந்தச் சொல்லுக்கு எடை இருக்கவில்லை. 2003 அக்டோபர் 29 அன்று கட்சி எம்.பி.க்களிடையே நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 75க்கு 90 என்று தோற்றார். ஒரு பொதுத் தேர்தலைக்கூடச் சந்திக்காமல் அவருடைய தலைமை முடிந்தது.

வாக்கைக் கடன் கொடுக்கும் பழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். 2015இல் தொழிலாளர் கட்சியில், போட்டி பரந்ததாக இருக்கட்டும் என்று நினைத்த சில எம்.பி.க்கள், தாங்கள் ஆதரிக்காத ஜெரமி கார்பினை முன்மொழிந்தார்கள். தேவைப்பட்டது 35 பேர், கிடைத்தது 36. அவர் 59.5 சதவீத வாக்குகளுடன் வென்றார். அடுத்த ஆண்டே எம்.பி.க்கள் 172க்கு 40 என்று அவர்மீது நம்பிக்கையில்லை என்றார்கள். உறுப்பினர்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கையெழுத்தை விளையாட்டாகப் போட்டதன் விலை, கட்சி இரண்டாகப் பிளந்து நின்றது.

2005இல் மூன்றாவது முறையாகத் தோற்றபோதுதான் கன்சர்வேட்டிவ் கட்சி நிதானித்தது. டங்கன் ஸ்மித்துக்குப் பின் தலைவரான மைக்கேல் ஹோவர்ட் விலகுவதாக அறிவித்தார். ஆனால் உடனே போய்விடவில்லை. அக்டோபரில் பிளாக்பூல் மாநாட்டில் போட்டியாளர்கள் எல்லோரும் கட்சியின் முன் பேசினார்கள். முன்னணியில் இருந்த டேவிட் டேவிஸின் பேச்சு சோபிக்கவில்லை. 38 வயதான டேவிட் கேமரன் குறிப்பில்லாமல் பேசி அரங்கைத் தன் பக்கம் திருப்பினார். டிசம்பர் 6 அன்று முடிவு வந்தது: கேமரனுக்கு 1,34,446 வாக்குகள், டேவிஸுக்கு 64,398. ஏழு மாதம் வீணாகவில்லை. யாரால் தாங்க முடியும் என்று பார்க்க அந்த அவகாசம் உதவியது.

பலரும் கவனிக்காத ஒரு தவறு, தோற்றவர்களை இழப்பது. 1997இலும் 2001இலும் கிளார்க் தலைமைக் குழுவில் சேராமல் பின்வரிசைக்குப் போனார். கேமரன் டேவிஸை நிழல் உள்துறை அமைச்சராக, அதாவது எதிர்க்கட்சியில் அந்தத் துறையைக் கவனிப்பவராக, தொடர வைத்தார். ஹேக்கைத் திரும்ப அழைத்தார். டங்கன் ஸ்மித்துக்கும் கிளார்க்குக்கும் கொள்கை ஆய்வுப் பொறுப்புகளைத் தந்தார். 2010இல் அவர் கூட்டணி அரசு அமைத்தபோது வெளியுறவுத் துறையில் ஹேக், நீதித் துறையில் கிளார்க், பணி மற்றும் ஓய்வூதியத் துறையில் டங்கன் ஸ்மித் என்று, அந்த எட்டு ஆண்டுகளில் தோற்ற மூவரும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்திருந்தார்கள்.