ஒன்ராறியோவின் சிற்றூர்களில் நல்ல கிராஃப்ட் பியர் வாங்குவது எப்படி

1916 முதல் நடைமுறையில் இருந்த மதுவிலக்கை 1927இல் கைவிட்ட ஒன்ராறியோ அரசு, விற்பனையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதற்காக அதே ஆண்டில் எல்சிபிஓ என்னும் நிறுவனத்தை உருவாக்கியது. இன்று மாகாணம் முழுவதும் 680க்கும் மேற்பட்ட கடைகளை நடத்தும் இந்நிறுவனம், ஒரு பொருளை ரொறன்ரோவிலும் மாகாணத்தின் வடமேற்கிலுள்ள கெனோராவிலும் ஒரே விலைக்கே விற்கிறது. விலை ஒன்றாக இருந்தாலும் கடைகளின் அடுக்குகள் ஒன்றாக இருப்பதில்லை. ரொறன்ரோவின் பெரிய கிளையொன்றில் சுவர் நீளத்துக்குக் கிராஃப்ட் பியர், அதாவது சிறிய ஆலைகள் காய்ச்சும் பியர், டின்களில் நிற்க, வடக்கே ஒரு சிற்றூரின் கிளையில் நான்கைந்து வகைகள் மட்டுமே இருக்கக்கூடும். சட்பரி, டிம்மின்ஸ், தண்டர் பே போன்ற ஊர்களுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் தமிழர்களும், கோடை விடுமுறைக்கு ஏரிக்கரை வீடுகளை வாடகைக்கு எடுப்பவர்களும் இந்த வேறுபாட்டை முதல் வாரத்திலேயே உணர்கிறார்கள். அடுக்கில் இல்லாதது அந்த ஊரில் கிடைக்கவே கிடைக்காது என்று அவர்கள் முடிவு செய்துவிடத் தேவையில்லை. சிற்றூர்க் கடையின் அடுக்கு அங்குள்ளவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறக்கூடியது. அதை மாற்றும் வழிகளை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில், ஒரு பியர் அரசுக் கடையின் அடுக்குக்கு எவ்வாறு வந்து சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. பெரிய நிறுவனங்களின் பியரும் பரவலாக விற்கப்படும் கிராஃப்ட் பியரும் எல்சிபிஓவின் களஞ்சியங்கள் வழியாகக் கடைகளுக்குப் போகின்றன. ஆனால் சிறிய பியர் ஆலைகள் பல, தங்கள் வாகனத்தில் தாங்களே ஏற்றிச் சென்று ஒவ்வொரு கடையிலும் நேரடியாக இறக்குகின்றன. எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்பதை அந்தக் கடையின் முகாமையாளரும் ஆலையின் விற்பனைப் பிரதிநிதியும் பேசி முடிவு செய்கிறார்கள். ஆகவே ரொறன்ரோவின் ஒரு சிறிய ஆலை, ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தண்டர் பேக்கு வாகனம் அனுப்பாததில் வியப்பில்லை. அதே தண்டர் பேயில் இயங்கும் ஸ்லீப்பிங் ஜயன்ட் ஆலையின் பியர் அங்குள்ள கடைகளுக்குச் சில நிமிடங்களில் போய்விடும். ரொறன்ரோவில் பெயர்பெற்ற பியரைத் தேடி ஏமாறுவதைவிட, நீங்கள் இருக்கும் பகுதியில் யார் பியர் காய்ச்சுகிறார்கள் என்று கேட்பதே சரியான தொடக்கம்.

அப்படிக் கேட்டால், பலரும் எதிர்பாராத அளவுக்கு நல்ல விடை கிடைக்கும். மஸ்கோகா ஏரிப் பகுதியில், பிரேஸ்பிரிட்ஜ் நகரில் 1996இல் தொடங்கப்பட்ட மஸ்கோகா ஆலை இருக்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே கிறேவன்ஹர்ஸ்ட்டில் சோடஸ்ட் சிற்றி இருக்கிறது. சட்பரியில் ஸ்டாக், கெனோராவில் லேக் ஒஃப் த வூட்ஸ், மனிற்றூலின் தீவில் அதன் பெயரையே கொண்ட ஆலை, கிங்ஸ்ரனுக்கு அருகே பாத் என்னும் சிற்றூரில் தங்கள் பண்ணையிலேயே தானியம் விளைவித்துக் காய்ச்சும் மக்கினன் சகோதரர்கள் என்று இந்த வரிசை நீண்டுகொண்டே போகும். என் மதிப்பீட்டில், ஒன்ராறியோவின் கிராஃப்ட் பியரில் மிக நேர்மையான உழைப்பு இத்தகைய ஊர்களில்தான் நடக்கிறது. ஊருக்கு வேலை கொடுத்து, ஊரின் பெயரை டின்னில் எழுதி, ஊர்க்காரர்களின் ஆதரவை நம்பியே இந்த ஆலைகள் வாழ்கின்றன. இங்கே ஒரு சிறு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது: சிற்றூரின் பெயர் டின்னில் இருப்பதனால் மட்டும் அதன் உரிமை சிற்றூரில் இருக்கிறது என்று கொள்ள முடியாது. 1987இல் கிறீமோர் கிராமத்தில் தொடங்கிய கிறீமோர் ஸ்பிரிங்ஸ் 2005 முதல் மோல்சன் என்னும் பெரும் பியர் நிறுவனத்துக்கும், ரொறன்ரோவின் மில் ஸ்ட்ரீட் 2015 முதல் லபாட் என்னும் மற்றொரு பெரும் பியர் நிறுவனத்துக்கும் சொந்தமானவை. அவற்றின் பியர் தரமற்றது என்பதல்ல. உங்கள் பணம் சுதந்திரமான சிறு ஆலைக்குப் போக வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் இதை அறிந்திருக்க வேண்டும்.

பகுதியிலுள்ள ஆலைகளின் பெயர்களை அறிந்த பின், எல்சிபிஓவின் இணையத்தளத்துக்குச் செல்லுங்கள். ஆலையின் பெயரையோ பியரின் பெயரையோ இட்டுத் தேடினால் அந்தப் பொருளுக்குரிய பக்கம் திறக்கும். அங்கே எந்தெந்தக் கிளையில் எத்தனை டின்கள் இருக்கின்றன என்று பார்க்கும் வசதி உண்டு. அரசுக் கடை என்பதால் நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை இதுதான் என்று நான் கருதுகிறேன். தனியார் கடைகள் இருப்பைப் பொதுமக்களுக்கு இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுவது அரிது. ஆயினும் அந்த எண்ணிக்கையை அப்படியே நம்பி நெடுந்தூரம் வண்டியோட்ட வேண்டாம். அது அந்த நேரத்து உண்மை நிலையாக இல்லாமல் போகலாம். இரண்டு அல்லது மூன்று டின்கள் என்று காட்டினால் அவை உடைந்தவையாகவோ, எங்கோ தவறி வைக்கப்பட்டவையாகவோகூட இருக்கலாம். ஒரு முழுப் பெட்டிக்குக் குறையாத எண்ணிக்கை காட்டினால் கிளம்பலாம். அதற்குக் குறைவாக இருந்தால் கடையைத் தொலைபேசியில் அழைத்து, பொருளின் பக்கத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்வதைவிட எண்ணைச் சொல்வது எல்லாருக்கும் எளிது, ஏனெனில் கசப்பும் மணமும் கூடிய பியர் வகையான ஐபிஏவில், ஒரே ஆலையின் மூன்று பியர்கள் ஒத்த பெயர்களுடன் இருப்பது வழக்கம்.

தேடிய பியர் எந்த அருகிலுள்ள கிளையிலும் இல்லையென்றால், கடைக்கு நேரில் சென்று கேட்பதே அடுத்த வழி. தமிழர்கள் பலர் இந்த இடத்தில் தயங்குவதைக் காண்கிறேன். அரசு நிறுவனம், நமக்காக எதை மாற்றப் போகிறது என்ற எண்ணமும், மதுக்கடையில் நின்று பேசுவதிலுள்ள கூச்சமும் சேர்ந்து அவர்களைத் தடுக்கின்றன. இரண்டும் தேவையற்றவை. சிறிய கிளையில் கிராஃப்ட் பியரைப் பற்றிக் கேட்கும் வாடிக்கையாளர்கள் குறைவு என்பதால், தெளிவாகக் கேட்கும் ஒருவரின் குரலுக்கு அங்கே எடை அதிகம். கூட்டம் இல்லாத வார நாள் காலையில் செல்லுங்கள். வெள்ளி மாலையிலும் நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாளிலும் ஊழியர்களுக்குப் பேச நேரம் இருக்காது. முகாமையாளரையோ பியர் பகுதியைக் கவனிப்பவரையோ சந்தித்து, ‘வேறு நல்ல பியர் எடுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், இந்த ஆலையின் இந்தப் பியர், இந்த எண், பக்கத்து ஊர்க் கிளையில் விற்பனையில் இருக்கிறது, இங்கே ஒரு பெட்டி எடுத்தால் நான் இத்தனை டின்கள் வாங்குவேன் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வரவழைத்த பின் சொன்னபடி வாங்குங்கள். முதல் பெட்டி தூசி படிந்து நின்றால் இரண்டாவது பெட்டி ஒருபோதும் வராது. அது விற்றுத் தீர்ந்தால், அடுத்த முறை முகாமையாளர் தாமாகவே எடுப்பார். அதே வேளையில் ஆலைக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதி, எந்த ஊர்க் கிளைக்கு அவர்களின் பியர் வேண்டும் என்று தெரிவியுங்கள். அவர்களின் விற்பனைப் பிரதிநிதி அந்தக் கிளைக்குப் போகும்போது, ஊரில் ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார் என்று சொல்ல முடிவது அவருக்குப் பெரிய துணை. 2025 மார்ச்சில் அமெரிக்க மதுவகைகள் எல்சிபிஓ அடுக்குகளிலிருந்து அகற்றப்பட்டதை அடுத்து உள்ளூர்ப் பொருள்களைக் கேட்டு வாங்கும் மனநிலையும் வலுப்பட்டிருக்கிறது.

எல்சிபிஓவின் சொந்தக் கிளை இல்லாத மிகச் சிறிய ஊர்களில், பலசரக்குக் கடை போன்ற ஒரு தனியார் கடையே எல்சிபிஓவின் அனுமதியுடன் அதன் பொருள்களை விற்கும். அங்கே இடம் மிகக் குறைவு. இருப்பினும் உரிமையாளர் பெரும்பாலும் கல்லாவிலேயே இருப்பார் என்பதால், கேட்பது இன்னும் எளிது. 2024 செப்டெம்பர் 5 முதல் சாதாரண மூலைக்கடைகளும் எரிபொருள் நிலையங்களில் உள்ள கடைகளும் உரிமம் பெற்றுப் பியர் விற்கலாம். காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை விற்க முடிவதால் நேரம் தவறியவர்களுக்கு அவை உதவும். ஆனால் அவற்றுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் 7.1 வீதம் என்ற மதுசார வரம்பு உண்டு. இரட்டை ஐபிஏ, இம்பீரியல் ஸ்டவுட் போன்ற கனமான வகைகளை அங்கே தேடிப் பயனில்லை. அவற்றுக்கு எல்சிபிஓவையோ ஆலையையோதான் நாட வேண்டும். மூலைக்கடைகளில் விலையும் கடைக்குக் கடை மாறலாம்.

சிற்றூர்க் கடையில் வாங்கும்போது கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று, டின்னின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்ப்பது. பல கிராஃப்ட் ஆலைகள் அடைத்த நாளையோ, அதற்குள் குடிக்க வேண்டிய நாளையோ அங்கே அச்சிடுகின்றன. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹொப்ஸின் மணத்தை நம்பி நிற்கும் ஐபிஏக்களும் வெளிறிய ஏல்களும் நாள்பட நாள்பட அந்த மணத்தை இழந்து, ஈரமான அட்டைப்பெட்டியின் வாடையை எடுத்துக்கொள்கின்றன. பழைய ஐபிஏ உடலுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் கொடுத்த காசுக்கு உரிய பியராக அது இருக்காது. அடைத்து மூன்று மாதம் தாண்டிய ஐபிஏயை நான் வாங்குவதில்லை. விற்பனை மெதுவாக நடக்கும் கிளையில், குறிப்பாக ஏரிக்கரை வீடுகள் மூடப்பட்ட குளிர்காலத்தில், இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நாள் பழையதாக இருந்தால், கறுத்த ஸ்டவுட், போர்ட்டர், பார்லி வைன் என்னும் மதுசாரம் கூடிய பியர் போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள். இவற்றில் சில மாதங்கள் பெரிய குறையை உண்டாக்குவதில்லை. வெளிச்சமும் வெப்பமும் பியருக்குப் பகை என்பதால், சன்னலோரம் நிற்கும் போத்தலைவிடக் குளிர்ப்பெட்டியிலுள்ள டின் எப்போதும் மேல்.

கடை வழியே எதுவும் ஆகவில்லையென்றால் ஆலையிடமே வாங்கலாம். ஆலையோடு ஒட்டிய விற்பனைக் கூடத்தில், அரசுக் கடைக்கு வராத சிறு அளவுக் காய்ச்சல்களும் கிடைக்கும். ஒன்ராறியோவின் பல ஆலைகள் மாகாணத்துக்குள் வீட்டுக்கே அனுப்புகின்றன. அனுப்பும் செலவு டின் ஒன்றுக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்கிட்டு, நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பெரிய பெட்டியாகக் கேட்பதே சிக்கனம். பெறுபவருக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்டும்படி கேட்பார்கள். எனவே வீட்டில் ஆள் இருக்கும் நாளையே தெரிவு செய்யுங்கள்.

நேரில் போகிறவர்கள், ஆலையில் சுவைத்துப் பார்க்க எண்ணினால், வண்டியோட்ட வேறொருவரை அழைத்துச் செல்லுங்கள்; 21 வயது வரையுள்ள ஓட்டுநர்களுக்கும் புதிய உரிமம் உள்ளவர்களுக்கும் இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மதுசார அளவு பூச்சியம். வாங்கியவை திறக்கப்படாமல், கைக்கெட்டாதபடி வண்டியின் பின்பெட்டியில் இருக்கட்டும். வடக்கே சில பூர்வகுடிச் சமூகங்கள் தங்கள் எல்லைக்குள் மதுவை முற்றாகத் தடை செய்திருக்கின்றன. அவ்வழியே பயணிப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்து அந்த முடிவை மதித்து நடக்க வேண்டும்.

டின் ஒன்றுக்கு விலையோடு சேர்த்து 10 சதம் வைப்புப்பணம் எடுக்கப்படுகிறது; 630 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட கண்ணாடிப் போத்தலுக்கு அது 20 சதம். வெறுமையானவற்றைப் பியர் ஸ்டோர் என்னும் பியர் விற்பனை நிறுவனத்தின் கிளையில் கொடுத்து இதைத் திரும்பப் பெறலாம். 2024க்குப் பிறகு அந்நிறுவனத்தின் கிளைகள் பல ஊர்களில் மூடப்பட்டு வருவதால், உங்கள் ஊரில் எந்தக் கடை இப்போது திரும்ப எடுக்கிறது என்பதை, பியர் கேட்கப் போகும் அதே நாளில் முகாமையாளரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.