போன் உடைந்தால் அவசரப்படாதீர்கள்

ஐப்பசி மழை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முற்றத்தில், கூரைத் தண்ணீரைப் பிடிக்க வைத்திருந்த கிடாரத்துக்குள் ஆச்சியின் போன் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்து அரிசிக்குள் புதைத்து வைத்து, மறுநாள் சார்ஜில் போட்டிருக்கிறார்கள். காரைக்குடியில் என் கடைக்கு வந்தபோது சார்ஜ் ஏறும் இடம் கருகிப் போயிருந்தது.

"புதுப் போன் வாங்கியாச்சு தம்பி. அவுக பேசி அனுப்புனதெல்லாம் இதுலதான் கெடக்கு. அது வந்தாப் போதும்" என்றார் ஆச்சி. கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய வாய்ஸ் மெசேஜ்களைத்தான் கேட்கிறார்.

போன் உடைந்ததால் போகிற தகவலைவிட, உடைந்த பிறகு நாம் அவசரப்படுவதால் போகிற தகவல்தான் அதிகம். கடையில் உட்கார்ந்து நான் பார்ப்பது இதைத்தான்.

ஈரப் போனைச் சார்ஜில் போடவே கூடாது. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால்தான் போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை, அதாவது போர்டு, ஷார்ட் ஆகும். அரிசியும் வேண்டாம், தூளும் குருணையும் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே அரிசியில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறது. அணைத்து, சிம்மைக் கழற்றி, காற்றாட வைத்துக் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். பேரன் புதுப் போனில் ஆச்சியின் சிம்மைப் போட்டு, தன் ஜிமெயிலையே கொடுத்து வாட்ஸ்அப்பைத் திறந்திருக்கிறான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப், அதாவது கூகுளில் சேமித்து வைக்கும் நகல், போன் நம்பர், கூகுள் கணக்கு இரண்டோடும் கட்டுண்டது. கணக்கு வேறாக இருந்ததால் பழைய பேக்கப் கண்ணில் படவில்லை. அவனும் 'ஸ்கிப்' அழுத்திவிட்டு மேலே போய்விட்டான். ஒரு வகையில் அந்தத் தவறான ஜிமெயில்தான் ஆச்சியைக் காப்பாற்றியது. சரியான கணக்கைக் கொடுத்து ஸ்கிப் அழுத்தியிருந்தால், அன்றிரவு எடுக்கும் புது பேக்கப் பழையதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கூகுள் டிரைவில் கடைசியாக எடுத்தது ஒன்றுதான் நிற்கும்.

நான் செய்தது இவ்வளவுதான். புதுப் போனில் ஆச்சியின் கூகுள் கணக்கைச் சேர்த்தேன், வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன், ரிஸ்டோர் கேட்டபோது நிதானமாக ஆமாம் சொன்னேன். முடியும்வரை வைஃபையை அணைக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ்கள் வந்துவிட்டன. வீடியோக்கள் மட்டும் வரவில்லை, பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்கும் பொத்தானை யாரும் ஆன் செய்யவில்லை. ஆச்சி கடை வாசலிலேயே நின்று ஒன்றைக் காதில் வைத்துக் கேட்டார். 'மருந்து போட்டியா?' என்று ஒரு குரல். அப்புறம் முந்தானையால் திரையைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

பேக்கப்புக்குத் தனிப் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதை மறக்கக் கூடாது. மறந்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது.

"சிப்பைக் கழற்றி உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுங்க" என்று பலரும் கேட்கிறார்கள். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய எழுத்தாக இருக்கும். அதைத் திறக்க அந்தப் போர்டும் உயிரோடு இருக்க வேண்டும், உங்கள் லாக் நம்பரும் தெரிய வேண்டும். ஆகவே போர்டை மாற்றச் சம்மதித்தால் தகவலை விட்டுவிடச் சம்மதித்ததாகவே அர்த்தம். டிஸ்ப்ளே மட்டும் உடைந்தால் கதையே வேறு. டிஸ்ப்ளே மாற்றத் தகவலை அழிக்கத் தேவையே இல்லை. யாராவது ரீசெட் போட வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள். தொடுதிரை மட்டும் செத்திருந்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஓடிஜி வயரில் மவுஸ் மாட்டி வேலை பார்க்கலாம். எதுவும் தெரியாத திரையில் குருட்டாம்போக்கில் லாக் நம்பரை அழுத்திப் பார்க்க வேண்டாம், தப்பு ஏற ஏறப் போன் பூட்டிக்கொள்ளும்.

கூகுள் போட்டோஸ் தானாக எடுத்துக்கொள்வது கேமரா படங்களைத்தான். வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் படம், வீட்டுப் பத்திர நகல் எல்லாம் வேறு ஃபோல்டர். அதைத் தனியாக ஆன் செய்ய வேண்டும்.

பணம் அனுப்பும் யுபிஐ ஆப் புதுப் போனில் தானாக வராது. சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போய்த்தான் மறுபடி பதிவாகும், எஸ்எம்எஸ் போகிற அளவு ரீசார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் கணக்குக்கு இரட்டைப் பூட்டு போட்டிருந்தால் 'நீங்கள்தானா' என்ற கேள்வி செத்துப்போன போனுக்கே போய் நிற்கும். அந்தப் போன் இல்லாமலே உள்ளே நுழைய கூகுள் தரும் 10 பேக்கப் எண்களை (backup codes) இன்றே தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

கடைசியாக, தீபாவளி எக்ஸ்சேஞ்ச். புதுப் போன் கைக்கு வந்த சந்தோஷத்தில் பழையதை ரீசெட் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ரீசெட் ஆன போனிலிருந்து எந்தக் கடைக்காரராலும் எதையும் மீட்க முடியாது. ஒரு மாதம் பொறுங்கள். படங்கள் வந்துவிட்டனவா என்று வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள், மலேசியாவில் இருக்கும் மகளின் நம்பர் பெயரோடு இருக்கிறதா என்று தேடுங்கள். ஆச்சியின் கருகிய போன் இன்னும் அவர் வீட்டு மர அலமாரியில்தான் இருக்கிறது. நான்தான் வைத்திருக்கச் சொன்னேன்.