கார்லைலில் குடியேறுபவர்களுக்கு: வீடு, வெள்ளம், ஓட்டு

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள கார்லைலுக்கு வேலை கிடைத்து வருகிற நம்மவர்கள் பலர் இதை ஒரு நகரம் என்று மட்டும்தான் நினைக்கிறார்கள். நாடாளுமன்றத் தொகுதியாகப் பார்த்தால் கதை வேறு. 2024 தேர்தலுக்காக எல்லையை மாற்றி வரைந்தபோது பிராம்ப்டன், லாங்டவுன் என்று ஸ்காட்லாந்து எல்லை வரை உள்ள மேய்ச்சல் நிலங்களையும் இதோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு பக்கம் கால்டியூகேட்டில் தெருவே மணக்கும் பழைய கார்ஸ் பிஸ்கட் ஆலை (இப்போது மெக்விட்டிஸ்), பிரெல்லி டயர் ஆலை. இன்னொரு பக்கம் லாங்டவுன் ஆட்டுச் சந்தை. 2001 கோமாரி நோய் நாடெங்கும் பரவியது அந்தச் சந்தை வழியாகவும்தான், அதனால் அந்த ஆண்டைப் பற்றி அங்கே விளையாட்டாகப் பேசிவிடாதீர்கள்.

வீடு பார்க்கும்போது இது நேரடியாக உதைக்கும். பிராம்ப்டன் அழகான ஊர்தான், ஆனால் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே ஒரு மைலுக்கு மேல் தள்ளி இருக்கிறது, பஸ் என்றால் நியூகாசில் போகும் 685-ஆம் எண் பஸ். லாங்டவுனுக்கு 1969-லிருந்து ரயிலே கிடையாது. கம்பர்லாந்து இன்ஃபர்மரி மருத்துவமனையில் நைட் ஷிஃப்ட், கையில் கார் இல்லை என்றால் நகருக்குள்ளேயே இருங்கள். நகருக்குள்ளும் வார்விக் ரோடு பக்கம் வாடகை எவ்வளவு சொன்னாலும் முதலில் போஸ்ட்கோடைப் போட்டு வெள்ள அபாயம் பாருங்கள். ஈடன், பெட்டரில் ஆறுகள் 2005 ஜனவரியிலும் 2015 டிசம்பரிலும் அங்கே வீடுகளுக்குள் புகுந்தன.

அப்புறம் ஓட்டு. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினால்தான் ஓட்டு என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள், முறையான விசாவில் இங்கே குடியிருக்கும் 18 வயதானவர் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வேலை, வரிக்கான அடையாள எண்) வந்ததும் அரசு இணையதளத்தில் பதிந்துவிடுங்கள், செலவு இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் வங்கிக் கடன், போன் கான்ட்ராக்ட் என்று எதற்குப் போனாலும் முகவரிச் சரிபார்ப்பு சுலபம். வாக்குச்சாவடிக்கு அடையாளமாக உங்கள் நாட்டு பாஸ்போர்ட்டே போதும்.

1964 முதல் 2010 வரை இங்கே தொழிற்கட்சிதான், பிறகு கன்சர்வேடிவ் கட்சியின் ஜான் ஸ்டீவன்சன். 2024-ல் கன்சர்வேடிவ் பக்கம் சாயும் கிராமங்கள் சேர்ந்த பிறகும் தொழிற்கட்சியின் ஜூலி மின்ஸ் வென்றார், நான் எதிர்பாராதது. குப்பை, சாலைக் குழி, பள்ளிச் சேர்க்கைக்கு எம்.பி.யிடம் ஓடாதீர்கள், அதெல்லாம் 2023-ல் வந்த கம்பர்லாந்து கவுன்சில். விசா விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தால் மட்டும் எம்.பி. அலுவலகத்துக்கு எழுதுங்கள், உள்துறையிடம் கேட்டுப் பதில் வாங்கித் தருவார்கள். மின்னஞ்சலில் முழு முகவரியும் போஸ்ட்கோடும் கட்டாயம் இருக்கட்டும். உங்கள் தொகுதி எம்.பி. மட்டும்தான் உங்கள் வழக்கைத் தொடுவார்.