ஃப்ளோரிடாவில் கட்சிக் கமிட்டிப் பதவி: விசுவாச உறுதிமொழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் யார் என்பது கட்சிக்குள்ளேயே முடிந்துவிடும் விஷயம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் அப்படியில்லை. கட்சி விதி வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கமிட்டிக்கு வாக்குச்சாவடிப் பகுதி ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வர வேண்டும் என்று மாநிலச் சட்டத்தின் 103.091ஆம் பிரிவே சொல்கிறது. கட்சி விரும்பினால் இவர்களைப் பிரைமரி தேர்தலிலேயே, அதாவது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலிலேயே, தேர்ந்தெடுக்கலாம். குடியரசுக் கட்சி அப்படித்தான் செய்கிறது. மனுவை வாங்குவது கவுண்டியின் தேர்தல் மேற்பார்வையாளர் அலுவலகம். பதவிக்காலம் 4 ஆண்டு.

மனுவோடு போகும் தாள்களில் பலரும் படிக்காமலே கையெழுத்துப் போடுவது, கட்சி வேட்பாளரின் எதிராளியை ஆதரிக்க மாட்டேன் என்னும் விசுவாச உறுதிமொழியில்தான். கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதும். அது கட்டுப்படுத்துவதோ நாலு வருஷம். தகராறுகள் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது ஆண்டில்தான் வெடிக்கின்றன.

முதல் குழப்பம், இரண்டு உறுதிமொழிகளை ஒன்றென நினைப்பது. வேட்பாளர் உறுதிமொழி மாநிலச் சட்டம் கேட்பது. விசுவாச உறுதிமொழி கட்சியின் விதி கேட்பது. ஒன்றைக் கொடுத்தால் மற்றதையும் கொடுத்ததாக ஆகாது. மேற்பார்வையாளர் அலுவலக ஊழியர் சட்டம் கேட்கும் தாள் சரியா என்று பார்ப்பார். கட்சி விதியை உங்களுக்காக நினைவில் வைத்திருப்பது அவர் வேலையில்லை. அதனால் கட்சியின் கவுண்டி செயலாளரிடம் நடப்புப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். நாலு வருஷத்துக்கு முன் யாரோ இணையத்தில் ஏற்றிய படிவத்தை அச்செடுக்காதீர்கள். வாசகம் இடையில் மாறியிருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்து, தேதி முத்திரையிட்ட நகல் வாங்கி வையுங்கள். பின்னால் "உன் உறுதிமொழி கோப்பில் இல்லை" என்று ஒருவர் எழுந்தால் அந்த நகல்தான் பேசும்.

அடுத்தது காலக்கெடு. பிரைமரிக்கு 71 நாள் முன் நண்பகலில் மனு வாங்கத் தொடங்கி, 67 நாள் முன் நண்பகலில் மூடிவிடுவார்கள். 2024இல் பிரைமரி ஆகஸ்ட் 20 அன்று நடந்தது. மனுக்காலம் ஜூன் 10 முதல் 14 வரை. கடைசி நாள் மாலை ஐந்து மணி வரை நேரமிருக்கிறது என்று நினைத்து வருபவர் எப்போதும் உண்டு. அன்று 12 மணிக்குள் தாள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே தபாலில் போட்டேன் என்பது எடுபடாது. மனுக்காலத்துக்கு 14 நாள் முன்பிருந்தே தாள்களை வாங்கி வைத்துக்கொள்ள அலுவலகத்துக்கு அனுமதி உண்டு. அந்த வசதியைப் பயன்படுத்தினால் பிழை இருந்தாலும் திருத்த நேரம் கிடைக்கும்.

கட்சிப் பதிவையும், அதாவது வாக்காளர் பதிவில் உங்கள் கட்சி என்று குறிக்கப்பட்டிருப்பதையும், முன்னதாகவே பாருங்கள். கட்சி வேட்பாளராக நிற்பவர் மனுக்காலம் தொடங்கும் முன் 365 நாள் அந்தக் கட்சியில் பதிவாகியிருக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டத்தின் 99.021ஆம் பிரிவு. கட்சிப் பதவிக்கு எத்தனை நாள் என்பதைக் கட்சி விதியில் சரிபாருங்கள். 365 என்றே வைத்துக்கொண்டு திட்டமிட்டால் பாதகமில்லை. இடையில் வேறொரு பிரைமரியில் ஓட்டுப் போடுவதற்காகப் பதிவை மாற்றி, பிறகு திரும்பி வந்தவர்களுக்குக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

நோட்டரியிடம் நடக்கும் பிழைகள் அற்பமானவை போலத் தெரியும், ஆனால் தாளையே கெடுத்துவிடும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். உறுதிமொழி வெறும் கையெழுத்துச் சான்று இல்லை, சத்தியம். நோட்டரி முன் சத்தியம் செய்து, அவர் பார்க்கக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டவர் நேரில் வந்தாரா, இணையவழியில் வந்தாரா என்பதையும் சான்றில் குறிக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாகவே விடப்படுவது வழக்கம். பகுதி எண், பதவிப் பெயர் நிரப்பாத தாளில் நோட்டரி முத்திரையிடக் கூடாது. உங்கள் கணவர், மனைவி, பெற்றோர், பிள்ளை நோட்டரியாக இருந்தால் அவரிடம் போகாதீர்கள். ஃப்ளோரிடா சட்டம் அதைத் தடுக்கிறது. சாதாரண நோட்டரிச் சான்றுக்கு அதிகபட்சக் கட்டணம் 10 டாலர். அதை மிச்சம் பிடிக்கப் போய்ப் பதவியை இழப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

இனி உறுதிமொழியின் உள்ளடக்கம். குடியரசுக் கட்சியின் வாசகம், பதவிக்காலத்தில் கட்சி வேட்பாளருக்கு எதிராக நிற்பவரைத் தீவிரமாகவோ பகிரங்கமாகவோ பணத்தாலோ ஆதரிக்க மாட்டேன் என்கிறது. மூன்றும் தனித்தனி. மேடை ஏறாமல், முகநூலில் எழுதாமல் 25 டாலர் நன்கொடை மட்டும் கொடுத்தாலும் மூன்றாவது மீறப்பட்டுவிடும். மறைக்கவும் முடியாது: மாநில, உள்ளூர்த் தேர்தல்களில் தொகை எவ்வளவு சிறிதானாலும் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் வேட்பாளர் கணக்கில் வர வேண்டும், 100 டாலர் வரை தொழிலைக் குறிப்பிடாமல் விடலாம், அவ்வளவுதான். தம்பதியர் கூட்டுக் கணக்கில் காசோலை எழுதினால் யார் கையெழுத்திடுகிறார் என்பதில் கவனம் வையுங்கள். எதிராக நிற்பவர் எதிர்க்கட்சிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிரைமரியில் தன் ஆள் தோற்றதும் கோபத்தில் சுயேச்சைக்கு வேலை செய்பவரும் இதே வலையில் விழுவார். பிரைமரியில் போட்டி இருந்தால் அது முடியும்வரை கட்சி வேட்பாளர் என்று ஒருவரே இல்லை, ஆகவே அதற்கு முன் கட்சிக்குள் போட்டியிடுபவர்களில் யாருக்கு வேலை செய்தாலும் இந்த வாசகம் தொடாது. கமிட்டி நிர்வாகிகளுக்கு மட்டும் கட்சி விதியில் தனிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் பேர் வழுக்குவது கட்சி சார்பற்ற தேர்தலில்தான். பள்ளிக் குழு, பெரும்பாலான நகர மன்றங்கள் இந்த வகை. பள்ளிக் குழுத் தேர்தலைக் கட்சி சார்ந்ததாக்கும் மாநில அரசியலமைப்புத் திருத்தம் 2024 நவம்பரில் தேவையான 60 சதவீதத்தை எட்டாமல் தோற்றது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இல்லாததால் உறுதிமொழியும் எட்டாது என்று நினைத்துவிடுகிறார்கள். குடியரசுக் கட்சியின் வாசகமோ, போட்டியிடுபவர்களில் ஒருவர் மட்டுமே கட்சியில் பதிவானவர் என்றால் அவருக்கு எதிரானவரை ஆதரிப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. நீதிபதித் தேர்தலுக்கு மட்டும் விலக்கு. மகனின் பழைய ஆசிரியை பள்ளிக் குழுவுக்கு நிற்கிறார் என்று வீட்டு முன் பலகை நடுவதற்கு முன், போட்டியாளர்கள் எல்லோருடைய கட்சிப் பதிவையும் பாருங்கள். வாக்காளர் பதிவு பொது ஆவணம்தான். ஜனநாயகக் கட்சியின் உறுதிமொழி வாசகம் வேறு. ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை ஊகிக்க வேண்டாம்.

மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் முதலில் எழுத்தில் ராஜினாமா, பிறகு ஆதரவு. வரிசை மாறினால் மீறல் பதிவாகிவிடும்.

"இது பேச்சுரிமைக்கு விரோதம்" என்று வழக்குப் போடக் கிளம்புபவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. 1974இல் இந்தியானா கம்யூனிஸ்ட் கட்சி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, வாக்குச்சீட்டில் இடம்பெற அரசு கேட்ட உறுதிமொழியை. கட்சி தன் ஆட்களிடம் கேட்பது வேறு கதை. 1989இல் சான் பிரான்சிஸ்கோ கவுண்டி ஜனநாயகக் கமிட்டி வழக்கில் கட்சியின் உள்விவகாரத்தில் மாநிலம் தலையிடுவதைத்தான் அதே நீதிமன்றம் தடுத்தது.

கமிட்டி பக்கத் தவறுகளும் குறைவில்லை. உறுதிமொழியை மீறியவரை நீக்க 103.141 வழி தருகிறது: முறையான அறிவிப்பு, குறைவெண் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) நிறைந்த கூட்டம், வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. தலைவர் மின்னஞ்சலில் "நீ நீக்கப்பட்டாய்" என்று எழுதுவது இதில் எதிலும் சேராது. தவறாக நீக்கப்பட்டவர் வட்டார நீதிமன்றத்தில் வென்றால் பதவி திரும்பும். வழக்கறிஞர் கட்டணம் உட்படச் செலவையும் கமிட்டியே கட்ட வேண்டும். ஆகவே எந்தத் தேதியில், எந்த வேட்பாளருக்கு, எந்தச் செயல் என்று குற்றச்சாட்டில் குறிப்பாக எழுதுங்கள்; நன்கொடைப் பதிவின் நகலை இணையுங்கள்; வருகையையும் வாக்கையும் எண்ணிக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். பிடிக்காதவரை வெளியேற்ற உறுதிமொழியைத் தேடிப் பிடிப்பதும் நடக்கிறது. நீதிமன்றத்தில் நிற்காதவை பெரும்பாலும் அந்த வகைதான்.

தகுந்த காரணமின்றித் தொடர்ந்து 3 கூட்டங்களுக்கு வராவிட்டாலும், தன் பகுதியை விட்டுக் குடிபெயர்ந்தாலும் 103.131இன்படி பதவி காலியாகும். இந்த இரண்டுக்கும் விசுவாச வழக்கு தேவையே இல்லை. காலியிடத்தில் நியமிக்கப்படுபவரிடமும் உறுதிமொழி வாங்க வேண்டும் என்பதை மறந்து, ஆறு மாதம் கழித்து ஒரு நெருக்கமான வாக்கெடுப்பில் அவர் ஓட்டுச் செல்லுமா என்று அடித்துக்கொள்ளும் கமிட்டிகளும் உண்டு. நியமனத் தீர்மானம் நிறைவேறும் அதே கூட்டத்துக்கு ஒரு நோட்டரியை வரவழைத்துவிட்டால் வேலை அங்கேயே முடிந்துவிடும்.