பழைய லப்டொப் போதுமா, புதிது வேண்டுமா? திருகோணமலை வீடுகளுக்குக் கணினி தெரிவு

கடைக்குப் போகமுன் ஒரு தாளை எடுத்து, வீட்டில் கணினியால் ஆகவேண்டிய வேலைகளை எழுதுங்கள்: பிள்ளையின் சூம் வகுப்பு, கடைக் கணக்கு, கனடாவில் இருக்கும் அண்ணாவோடு வீடியோ அழைப்பு. அதில் வின்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஒன்றாவது உண்டா என்று பாருங்கள். இருந்தால் வின்டோஸ்தான், மேலே யோசிக்க வேண்டாம். பிரவுசரும் கடிதம் எழுதுவதும் மட்டும் என்றால், வின்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். மக்புக் நல்ல சாமான்தான். ஆனால் இப்போதைய மொடல்களில் ரேம் (வேலை செய்யும்போது பாவிக்கும் நினைவகம்) பலகையோடு ஒட்டியே வருகிறது, வாங்கிய பிறகு கூட்ட வழியில்லை.

வின்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. வின்டோஸ் 11க்கு டி.பி.எம். (பாதுகாப்புச் சிப்) 2.0 வேண்டும், இன்டெல் புரோசசர் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். வின்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'டி.பி.எம். டொட் எம்.எஸ்.சி.' என்று ஆங்கிலத்தில் தட்டினால் டி.பி.எம். பதிப்பு தெரியும். இந்தச் சோதனையைத் தாண்டி வின்டோஸ் 11ஐ வலுக்கட்டாயமாகப் போட்டுத் தருவோர் உண்டு. அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் பொறுப்பேற்பதில்லை. அதைவிட மின்ட் நல்லது: 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

மெஷினில் இருப்பதை அழிக்காமலே மின்டைப் பரீட்சித்துப் பார்க்கலாம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் மின்டை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் எழுதுங்கள்; பென்னில் இருப்பதெல்லாம் அழியும். மெஷினை ஓன் செய்ததும் டெல், லெனோவோ என்றால் எஃப் 12, எச்.பி. என்றால் எஃப் 9 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்து பென்னைத் தெரிவு செய்யுங்கள். பென்னிலிருந்தே ஓடும், மெதுவாக இருந்தால் பயப்பட வேண்டாம், வேகம் பென்னுடையது. வைஃபை, சத்தம், கமரா, பிறின்டர், ஸ்கேனர் ஒவ்வொன்றையும் அங்கேயே பாருங்கள். ஒன்று வேலை செய்யாவிட்டால் 'இன்ஸ்டோல்' பக்கம் போகாதீர்கள். எல்லாம் சரியென்றாலும் படங்களையும் கோப்புகளையும் வேறு டிஸ்கில் பிரதி எடுத்த பிறகே கை வையுங்கள்.

நம்மவர்கள் அதிகம் இடறுவது தமிழில்தான். பாமினியில் தட்டிய பழைய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு பழுதாகவில்லை, பாமினியை நிறுவினால் மின்டிலும் லிப்ரே ஒஃபிஸ் என்ற கடிதம் எழுதும் மென்பொருளில் சரியாக வரும். புதிதாகத் தட்டுவதை, தனி எழுத்துருவை நம்பியிராத பொது எழுத்துமுறையான யூனிகோடிலேயே தட்டுங்கள். மின்டின் விசைப்பலகைப் பட்டியலில் இலங்கைத் தமிழ், தமிழ்நெட் 99 என்று இருப்பதைச் சேர்க்க வேண்டும். பக்கத்திலேயே 'டேப் என்கோடிங்' என்ற வாலோடு இன்னொன்று நிற்கும், அதை எடுத்தால் யூனிகோட் எழுத்து வராது.

காசை எதில் போடுவது? ஹார்ட் டிஸ்கில் ஓடும் மெஷினுக்கு முதலில், அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. போடுங்கள். 256 ஜி.பி. சாட்டா என்ற பழைய இணைப்பு வகையே ஆள் மாறியது போல் காட்டும். அடுத்தது ரேம்: 8 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம், புதிதாக வாங்கினால் 16. டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்ற ரேம் வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. பழைய ரேம் குச்சியைக் கழற்றிக் கையில் கொண்டு போனால் பிழை வராது.

பாவித்த லப்டொப் என்றால் யு.எஸ்.பி. வாய்களையும் திருகாணிகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் கிடந்த மெஷின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். வெளியே களிம்பென்றால் உள்ளே பலகையிலும் இருக்க வாய்ப்புண்டு, விலை குறைத்தாலும் விட்டுவிடுங்கள். வீட்டிலும் டெஸ்க்டொப்பைக் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். விசிறி அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. பற்றரிக்கு, வின்டோஸின் கட்டளைப் பெட்டியில் (கொமாண்ட் புரொம்ப்ட்) 'பவர்சி.எஃப்.ஜி.' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டோடு 'பற்றரிரிப்போர்ட்' என்று தட்டுங்கள். அது தரும் அறிக்கையில் முழுச் சார்ஜ் கொள்ளளவு தொடக்கக் கொள்ளளவில் பாதிக்கும் கீழே என்றால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசலாம்.

டெஸ்க்டொப் எடுத்தால் 650 வி.ஏ. அளவு யு.பி.எஸ். (மின்சாரம் போனால் பற்றரியில் மின் தரும் பெட்டி) சேர்த்தே எடுங்கள். அது கோப்பைச் சேமித்து மெஷினை நிறுத்த நேரம் தரும், அவ்வளவுதான். படம் பார்க்க அல்ல. லேசர் பிறின்டரை அதில் செருகக் கூடாது, சூடாகும்போது இழுக்கும் மின்சாரம் யு.பி.எஸ்.ஸைத் திணறடிக்கும். இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். ரூற்றருக்குச் செம்புத் தொலைபேசிக் கம்பி வந்தால் அதையும் சேர்த்துக் கழற்றுங்கள்.